பேனா அளவு லேசர் செய்கிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்: பேட்டரியும் சூடும்

பேனா அளவில் ஒரு லேசரைத் தாமே செய்துபார்க்க விரும்பும் மாணவர்களும், பொழுதுபோக்காக மின்னணுவியல் பழகுகிறவர்களும் என்னிடம் கேட்ட கேள்விகளைத் தொகுத்து எழுதியிருக்கிறேன். கரும்பலகையில் சுட்டிக்காட்ட, சுவரில் மட்டம் பார்க்க, இரவில் ஒரு நட்சத்திரத்தைக் குழந்தைக்குக் காட்டப் பயன்படும் 5 மில்லிவாட்டுக்கு உட்பட்ட லேசர்களைப் பற்றித்தான் இங்கே பேசுகிறேன். தீக்குச்சி பற்றவைக்கிற லேசர், பலூன் உடைக்கிற லேசர் பற்றி எழுதவில்லை. ஏன் என்பதைக் கீழே ஒரு பதிலில் சொல்லியிருக்கிறேன்.

பேனா லேசரில் முதலில் சாவது பேட்டரியா, டையோடா?

பேட்டரி தீரும், மாற்றிவிடலாம். டையோடு, அதாவது லேசர் ஒளியைப் பிறப்பிக்கும் சிறு குறைக்கடத்தித் துண்டு, செத்தால் மாற்றுவது எளிதல்ல. டையோடைக் கொல்வதில் பெரும்பங்கு சூட்டுக்கு உண்டு. அதனால் சிறிய லேசரை வடிவமைக்க உட்காரும்போது நான் முதலில் போடும் கணக்கு சூட்டுக் கணக்குதான். எத்தனை வாட் சூடு பிறக்கிறது, அது எந்த வழியாக வெளியே போகிறது, போகாமல் தங்குவதை உலோக உடம்பு எவ்வளவு நேரம் தாங்கும் என்று பார்த்த பிறகுதான் பேட்டரிக்கு வருவேன். ஒளி எத்தனை மில்லிவாட் என்பது அந்த இரண்டும் முடிந்தபின் தானாக அமையும். புதிதாகச் செய்கிறவர்கள் பெரும்பாலும் தலைகீழாகப் போகிறார்கள். முதலில் பெரிய மில்லிவாட்டைத் தேர்ந்தெடுத்துவிட்டு, பிறகு அதைச் சின்னக் குழாயில் திணிக்கப் பார்க்கிறார்கள்.

கொடுக்கும் மின்சாரத்தில் எவ்வளவு ஒளியாகிறது?

மிகக் குறைவு. கணக்காகவே பார்த்துவிடலாம். சாதாரணச் சிவப்பு டையோடு, 650 நானோமீட்டர், 5 மில்லிவாட் வகை. ஏறத்தாழ 2.3 வோல்ட்டில் 30 மில்லிஆம்பியர் எடுக்கும். மூன்று எல்.ஆர்.44 பட்டன் செல்களை வரிசையில் போட்டால் 4.5 வோல்ட். ஆக, பேட்டரியிலிருந்து வெளியேறுவது 135 மில்லிவாட். அதில் 66 மில்லிவாட், மின்னோட்டத்தை மட்டுப்படுத்தப் போடும் ரெசிஸ்டரிலேயே சூடாகிவிடும். டையோடுக்குப் போகும் 69 மில்லிவாட்டில் 5 மட்டுமே ஒளியாக வெளியே வரும். மீதி 130 மில்லிவாட்டும் அந்தச் சின்னக் குழாய்க்குள்ளேயே சூடாகத் தங்குகிறது. நூற்றுக்கு நான்குகூட ஒளியாகத் தேறவில்லை.

படிகம் வைத்த பச்சை லேசர் இன்னும் மோசம். 250 மில்லிஆம்பியரை 3 வோல்ட்டிலிருந்து இழுத்தால் 750 மில்லிவாட். வெளியே வரும் பச்சை ஒளி அதே 5 மில்லிவாட்.

130 மில்லிவாட் சூடு ஒரு பெரிய விஷயமா? விரலுக்குக்கூடத் தெரியாதே?

எங்கே தங்குகிறது என்பதைப் பொறுத்தது. 15 கிராம் பித்தளைப் பேனாவை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு கிராம் பித்தளையை ஒரு டிகிரி சூடேற்ற 0.38 ஜூல் வேண்டும். 15 கிராமுக்கு 5.7 ஜூல். ஒரு நிமிடத்தில் பிறக்கும் சூடு 7.8 ஜூல். ஆக, நிமிடத்துக்கு ஒன்றரை டிகிரிகூட ஏறாது. ஏறுவதையும் காற்றும் கையும் வாங்கிக்கொள்ளும். நாள் முழுக்க எரியவிட்டாலும் அது நான்கைந்து டிகிரியோடு நின்றுவிடும்.

இப்போது அதே டையோடை 5 கிராம் பித்தளை மாட்யூலில் (டையோடைத் தாங்கும் சிறு உருளையில்) பொருத்தி, பிளாஸ்டிக் பேனாவுக்குள் காற்றிடைவெளியோடு சொருகுங்கள். நிமிடத்துக்கு நான்கு டிகிரி ஏறும். வெளியேற வழி இல்லாததால் இருபது டிகிரி தாண்டித்தான் ஒரு நிலைக்கு வரும். வேலூரில் சித்திரை வெயிலில் அறையே 40 டிகிரி என்றால் டையோடின் அடிப்பாகம் 60ஐத் தொட்டுவிடும். மலிவான சிவப்பு டையோடுகள் பலவற்றுக்கு அடிப்பாகச் சூட்டின் எல்லையே 50, 60 டிகிரிதான். பிறக்கும் சூடு இரண்டிலும் ஒன்றே. முதல் பேனாவில் அதற்கு வெளியேற வழி இருந்தது.

டையோடுக்குச் சூடு ஏன் இவ்வளவு பகை?

ஒவ்வொரு லேசர் டையோடுக்கும் ஒரு தொடக்க மின்னோட்டம் உண்டு. அதற்குக் கீழே அது வெறும் எல்.இ.டி. போல மங்கலாக ஒளிரும். அதைத் தாண்டியபின்தான் லேசராகும். 25 டிகிரியில் இந்த எல்லை 20 மில்லிஆம்பியராக இருக்கும் ஒரு டையோடை நினைத்துக்கொள்ளுங்கள். சூடு ஏற ஏற எல்லையும் அடுக்குமுறையில் ஏறும். சிவப்பு டையோடுகளில் இந்த ஏற்றம் வேகமானது. என் கணக்குப்படி 60 டிகிரியில் அதே டையோடின் எல்லை 33 மில்லிஆம்பியர் ஆகிவிடும். நீங்களோ 30 மில்லிஆம்பியர்தான் கொடுக்கிறீர்கள். லேசர் நின்றுபோகும், சிவப்பு மங்கல் மட்டும் மிஞ்சும். ஆறவைத்தால் திரும்ப வரும். பிளாஸ்டிக் பேனா வாங்கியவர்கள் "ஐந்து நிமிடத்தில் மங்கிவிடுகிறது" என்று சொல்வதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

திரும்ப வருகிறதே என்று சமாதானம் அடைய வேண்டாம். இயங்கும் சூடு பத்து டிகிரி கூடினால் டையோடின் ஆயுள் பாதியாகும் என்பது இத்துறையில் எல்லோரும் கைக்கொள்ளும் மதிப்பீடு.

இந்தப் பகை பழையது. 1962இல் அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் ஆய்வகத்தில் ராபர்ட் ஹால் குழுவினர் உலகின் முதல் குறைக்கடத்தி லேசரை இயக்கினார்கள். அதைத் திரவ நைட்ரஜனில், மைனஸ் 196 டிகிரியில் வைத்து, துடிப்பு துடிப்பாகத்தான் இயக்க முடிந்தது. அறைச்சூட்டில் தொடர்ந்து எரியும் டையோடு 1970இல்தான் வந்தது. லெனின்கிராடில் அல்ஃபெரோவ் குழுவும், அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் ஹயாஷியும் பானிஷும் அதைச் சாதித்தார்கள். இடைப்பட்ட எட்டு ஆண்டுகளும் ஆய்வாளர்கள் போராடியது இதே சூட்டோடுதான். ஒளி பிறக்கும் மெல்லிய அடுக்கை வேறு பொருளால் ஆன இரண்டு அடுக்குகளுக்கு இடையே வைத்து, தொடக்க மின்னோட்டத்தைக் குறைத்தது அவர்கள் கண்ட வழி. அல்ஃபெரோவுக்கு 2000இல் நோபல் பரிசு கிடைத்தது. சட்டைப்பையில் லேசரைச் செருகும்போதெல்லாம் எனக்கு அந்த எட்டு ஆண்டுகள் நினைவுக்கு வருகின்றன.

உடம்பை எந்த உலோகத்தில் கடைவது? செம்புதான் சிறந்தது என்கிறார்களே?

எடையைப் பார்க்கிறீர்களா, இடத்தைப் பார்க்கிறீர்களா என்பதைப் பொறுத்துப் பதில் மாறும். கிராமுக்குக் கிராம் பார்த்தால் அலுமினியம்தான் அதிகச் சூட்டைத் தாங்கும்: 0.9 ஜூல். செம்புக்கு 0.385தான். ஆனால் பேனாவில் நமக்குக் கட்டுப்பாடு இடம். 5 கன சென்டிமீட்டர் செம்பு 45 கிராம் இருக்கும். ஒரு டிகிரி ஏற 17 ஜூல் கேட்கும். அதே இடத்தை அலுமினியம் நிரப்பினால் எடை 13.5 கிராம், தாங்குவது 12 ஜூல். ஆக, ஒரே அளவில் செம்பு நாற்பது சதவீதம் கூடுதலாகத் தாங்குகிறது. எடையோ மூன்று மடங்குக்கும் மேல்.

என் பழக்கம் இதுதான். டையோடைச் சுற்றியுள்ள சிறு துண்டு மட்டும் செம்பு அல்லது பித்தளை, வெளிக்குழாய் அலுமினியம். டையோடில் பிறக்கும் சூட்டைச் செம்பு உடனே வாங்கிப் பரப்பும், அலுமினியம் அதைக் கைக்கும் காற்றுக்கும் கொடுக்கும். கடைசல் பட்டறையில் சொல்லும்போது உள்துண்டும் குழாயும் இறுக்கமாகப் பொருந்த வேண்டும் என்று அழுத்திச் சொல்லுங்கள். இடையே கால் மில்லிமீட்டர் காற்று இருந்தால், செம்புக்குச் செலவழித்த பணம் வீண். மெல்லியதாகத் தெர்மல் பேஸ்ட் பூசிச் செருகினால் அந்த இடைவெளி அடைபடும். பேஸ்டை அப்பிவிடாதீர்கள், அது காற்றைவிட மேலானதே தவிர உலோகத்துக்கு ஈடாகாது.

எவர்சில்வர் குழாய் பார்க்க அழகு. ஆனால் அது செம்பு கடத்துவதில் இருபதில் ஒரு பங்கைக்கூடக் கடத்தாது. வேண்டாம்.

3டி பிரிண்டரில் உறை செய்யலாமா?

பிடிப்பதற்கான உறையாகச் செய்யலாம். டையோடைத் தாங்கும் பகுதியாக மட்டும் செய்ய வேண்டாம். அச்சிட்ட பிளாஸ்டிக் சூட்டைக் கிட்டத்தட்டக் கடத்தாது. உள்ளே உலோகத் துண்டு வைத்து, அதன் முன்பகுதி வெளியே தெரிந்து காற்றுப் படுமாறு வடிவமைத்தால் சிவப்பு டையோடுக்குப் போதும்.

எந்த பேட்டரி போடுவது?

எல்.ஆர்.44 சின்னது, எங்கும் கிடைக்கும். ஆனால் 30 மில்லிஆம்பியர் அதற்குப் பெரிய சுமை. உறையில் 110 அல்லது 150 மில்லிஆம்பியர் மணி என்று இருக்கலாம். அது மெதுவாக உறிஞ்சும்போது கிடைப்பது. நம் லேசரில் வோல்ட்டேஜ் சீக்கிரம் சரியும்.

என் விருப்பம் ஒரே ஒரு டிரிபிள் ஏ, அதுவும் மறுபடி மறுபடி சார்ஜ் ஏற்றக்கூடிய நிக்கல் வகை. 1.2 வோல்ட் டையோடுக்குப் போதாது என்பதால் வோல்ட்டேஜை உயர்த்தும் ஒரு சிறு சர்க்யூட் வேண்டும். எண்பது சதவீதத் திறனுள்ள சர்க்யூட் என்றால், டையோடின் 69 மில்லிவாட்டுக்குப் பேட்டரியிலிருந்து 86 மில்லிவாட், அதாவது 72 மில்லிஆம்பியர் இழுக்கும். 800 மில்லிஆம்பியர் மணி உள்ள செல் பதினொரு மணி நேரம் கொடுக்கும். இன்னொரு நன்மையும் உண்டு: மொத்தச் சூடு 130இலிருந்து 81 மில்லிவாட்டாக இறங்குகிறது. பேட்டரியை மிச்சப்படுத்தினால் சூடும் அந்த அளவுக்குக் குறைகிறது.

லித்தியம் செல்லில் 10440 என்ற அளவு டிரிபிள் ஏ போலவே இருக்கும். ஆனால் அது 3.7 வோல்ட், முழு சார்ஜில் 4.2. டிரிபிள் ஏ-க்காகச் செய்த லேசரில் அதைப் போட்டு டையோடை இழந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். லித்தியம்தான் வேண்டுமென்றால் பாதுகாப்புச் சர்க்யூட் உள்ள செல்லை வாங்குங்கள். முழுக்க மூடிய உலோகக் குழாய்க்குள் வைக்காதீர்கள். பின்மூடியில் வாயு வெளியேறச் சிறு துளை விடுங்கள். வெயிலில் நிற்கும் காருக்குள் விட்டுவிட்டுப் போகாதீர்கள்.

வீட்டில் சிறு குழந்தை இருந்தால் பட்டன் செல் மூடியைத் திருகாணியால் மூடுங்கள். குறிப்பாக லித்தியம் பட்டன் செல்லை விழுங்கிவிட்டால் உணவுக்குழாயை இரண்டு மணி நேரத்துக்குள் அரித்துப் புண்ணாக்கிவிடும். ஒரு நிமிடமும் தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

ஒரு ரெசிஸ்டர் போட்டால் போதாதா? எதற்கு ட்ரைவர் சர்க்யூட்?

டையோடுக்குப் போகும் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் சிறு சர்க்யூட்தான் ட்ரைவர். ரெசிஸ்டர் மட்டும் என்றால் சோதனைப் பலகையில் போதும், கையில் பிடிக்கும் கருவிக்குப் போதாது. கணக்கைப் பாருங்கள். 4.5 வோல்ட், 75 ஓம் ரெசிஸ்டர். டையோடுக்கு 29 மில்லிஆம்பியர் போகும், சரி. ஆனால் புத்தம்புது செல் 1.6 வோல்ட் காட்டும். மூன்றும் சேர்ந்தால் 4.8. மின்னோட்டம் 33 ஆகும். நீங்கள் நினைத்த 5 மில்லிவாட் எல்லையை லேசர் தாண்டியிருக்கும். சில நாள் பயன்படுத்தியபின் ஒவ்வொரு செல்லும் 1.3 வோல்ட்டுக்கு இறங்கும்போது மின்னோட்டம் 21. தொடக்க எல்லைக்கு மயிரிழை மேலே. வெளிச்சம் ஏறக்குறைய இல்லை. செல்லில் இன்னும் சத்து நிறைய இருக்கிறது, நீங்களோ அதைக் குப்பையில் போடுகிறீர்கள். முதல் நாளில் டையோடுக்கு ஆபத்து, பத்தாம் நாளில் பேட்டரிக்கு நட்டம்.

ட்ரைவர்களில் மின்னோட்டத்தை நிலையாக வைப்பது, ஒளியை நிலையாக வைப்பது என்று இரண்டு வகை உண்டே. எதைத் தேர்ந்தெடுப்பது?

மூன்று கால் டையோடுகள் பலவற்றின் உள்ளே ஒரு சிறு ஒளி உணரியும் இருக்கும். அதைப் பார்த்துக்கொண்டு ஒளியை ஒரே அளவில் வைத்திருப்பது இரண்டாவது வகை. கேட்க நன்றாக இருக்கிறது. சூட்டை வெளியேற்ற இடமில்லாத பேனாவில் இது ஆபத்தான சுழலாகிவிடும். சூடு ஏறினால் ஒளி குறையும்; உடனே ட்ரைவர் மின்னோட்டத்தைக் கூட்டும்; அதனால் சூடு இன்னும் ஏறும்; மறுபடி கூட்டும். ஒரு கட்டத்தில் டையோடு போய்விடும்.

மின்னோட்டத்தை நிலையாக வைத்தால் சூடேறும்போது ஒளி தானாக மங்கும். மங்குவதே எச்சரிக்கை, நீங்கள் அணைத்துவிடுவீர்கள். ஆனால் இந்த வகைக்கு எதிர்ப்பக்கத்தில் ஒரு குறை இருக்கிறது. குளிரில் தொடக்க எல்லை இறங்குவதால் அதே மின்னோட்டத்தில் ஒளி கூடிவிடும். கொடைக்கானல் இரவில் உங்கள் 5 மில்லிவாட் லேசர் 8 மில்லிவாட் ஆகலாம். டையோடின் முகப்புக்கும் அது கேடு, எதிரே நிற்பவரின் கண்ணுக்கும் கேடு.

என் முடிவு: நிலையான மின்னோட்டம், அறைச்சூட்டில் 5 அல்ல, 3 மில்லிவாட் வருமாறு. குளிரில் கூடினாலும் எல்லைக்குள் இருக்கும். 3க்கும் 5க்கும் உள்ள வேறுபாட்டைச் சுவரில் கண்ணால் பார்த்துச் சொல்வது கடினம். ஒளி உணரியைப் பயன்படுத்தியே தீர வேண்டுமென்றால், மின்னோட்டத்துக்கு ஒரு மேல்வரம்பும் வையுங்கள்.

எல்.எம்.317 வைத்துச் செய்யலாமா?

வோல்ட்டேஜையோ மின்னோட்டத்தையோ நிலைப்படுத்தும் ஐ.சி. அது. மேசைமேல் செய்ய நல்ல பாடம். பேனாவுக்கு உதவாது. அது தனக்கென்று மட்டும் மொத்தம் மூன்று வோல்ட் அளவுக்கு எடுத்துக்கொள்ளும். ஒற்றை லித்தியம் செல்லில் டையோடுக்கு மிச்சம் இராது.

புது டையோடு. இணைத்தேன், ஒரு பளிச், பிறகு மங்கலாகச் சிவப்பாக மட்டும் ஒளிர்கிறது. என்ன ஆயிற்று?

செத்துவிட்டது. செத்த லேசர் டையோடு பெரும்பாலும் இருண்டுபோவதில்லை, எல்.இ.டி. போல மங்கலாக ஒளிர்ந்துகொண்டேயிருக்கும். அதனால்தான் பலர் லென்ஸைத் திருகித் திருகிப் பார்த்து ஒரு மாலைப் பொழுதை இழக்கிறார்கள்.

என் முதல் டையோடு எப்படிச் செத்தது என்று சொல்கிறேன். ட்ரைவரை டையோடு இல்லாமலே பேட்டரியில் இணைத்து, வெளியீட்டு வோல்ட்டேஜ் வருகிறதா என்று மல்டிமீட்டரில் பார்த்தேன். வந்தது. பேட்டரியைக் கழற்றினேன், டையோடை வைத்து ஈயத்தால் பற்றவைத்தேன். வெளியீட்டில் இருந்த கெபாசிட்டர் முழு வோல்ட்டேஜில் நிரம்பி நின்றதை மறந்துவிட்டேன். டையோடின் கால் தொட்ட கணத்தில் அது முழுக்க டையோடு வழியாகப் பாய்ந்தது. மைக்ரோ விநாடிகள்தான். ஒளி வெளிவரும் முகப்பு மயிரிழையைவிடப் பல மடங்கு சிறியது. அது கருகுவதற்கு அந்த நேரம் தாராளம்.

அன்றிலிருந்து என் வழக்கம் மாறியது. முதலில் டையோடுக்குப் பதில் ஒரு பொய்ச்சுமை: சிவப்புக்கு மூன்று சாதாரண (லேசர் அல்லாத) 1என்4007 டையோடுகள் வரிசையாக, அவற்றோடு ஒரு 1 ஓம் ரெசிஸ்டர். அந்த ரெசிஸ்டரின் இரு முனையிலும் மல்டிமீட்டரில் எத்தனை மில்லிவோல்ட் காட்டுகிறதோ அத்தனை மில்லிஆம்பியர் ஓடுகிறது. அதைச் சரியாக வைத்துவிட்டு, பேட்டரியைக் கழற்றி, கெபாசிட்டரின் இரு கால்களையும் ஒரு கம்பியால் சேர்த்து வெறுமையாக்கிய பிறகுதான் உண்மையான டையோடுக்குப் போவேன்.

நிலைமின்சாரமும் அதே அளவுக்குக் கொல்லும். டையோடின் மூன்று கால்களையும் மெல்லிய செம்புக் கம்பியால் சுற்றிக் கட்டி வைத்து, பற்றவைத்து முடித்தபின் அவிழுங்கள். சால்டரிங் அயர்ன் நில இணைப்புள்ளதாக இருக்கட்டும். ஒவ்வொரு காலிலும் மூன்று விநாடிக்கு மேல் நிற்காதீர்கள்.

குழாயில் பொருத்தியதும் வேலை செய்யவில்லை; வெளியே எடுத்தால் செய்கிறது?

பல டையோடுகளில் உலோக உறையே ஒரு காலோடு இணைந்திருக்கும். உங்கள் குழாய் பேட்டரியின் எதிர்முனையோ நேர்முனையோ ஆக இருந்தால் குறுக்கு இணைப்பு ஏற்பட்டிருக்கும். எந்தக் கால் உறையோடு சேர்ந்தது என்பதை டையோடின் தரவுத் தாளில் பார்த்துவிட்டுக் குழாயின் முனையைத் தீர்மானியுங்கள்.

பேட்டரியை மாற்றாமல் வெளிச்சத்தைக் கூட்ட வழி உண்டா?

உண்டு, நிறத்தை மாற்றுங்கள். நம் கண் எல்லா நிறத்தையும் ஒரே மாதிரி பார்ப்பதில்லை. பகல் வெளிச்சத்தில் கண்ணுக்கு மிகப் பிரகாசமாகப் படுவது 555 நானோமீட்டர் பச்சை. அதை 100 என்று வைத்தால் 532 பச்சை 88, 635 சிவப்பு 22, 650 சிவப்பு 11. ஆக, 650க்குப் பதில் 635 டையோடு வாங்கினால் அதே மில்லிவாட்டில் இருமடங்கு பிரகாசம். ஒரு மில்லிவாட் பச்சை, எட்டு மில்லிவாட் சிவப்புக்குச் சமமாகத் தெரியும். 405 ஊதா இந்த அளவுகோலில் ஒன்றில் பத்தில் ஒரு பங்கைக்கூடத் தொடாது. மங்கலாகத் தெரிகிறதே என்று அதன் மின்னோட்டத்தைக் கூட்டுகிறவர்கள் தம் கண்ணைத்தான் பணயம் வைக்கிறார்கள்.

லென்ஸையும் பாருங்கள். பூச்சு இல்லாத கண்ணாடியின் ஒவ்வொரு முகமும் நான்கு சதவீத ஒளியைத் திருப்பிவிடும். இரண்டு முகத்துக்கும் எட்டு. அதைவிட முக்கியம், டையோடிலிருந்து ஒளி கூம்பாக விரிந்து வருகிறது. ஒரு திசையில் 30 டிகிரி அளவுக்கு விரியும். சின்ன லென்ஸ் அந்தக் கூம்பின் ஓரத்தை விட்டுவிடுகிறது. விட்ட ஒளி குழாயின் உட்சுவரில் பட்டுச் சூடாகும். ஒழுங்காகக் குவித்த லேசர் ஒரு மில்லிரேடியன், அதாவது மீட்டருக்கு ஒரு மில்லிமீட்டர், விரிந்தால் ஒளிப்புள்ளியின் அகலம் நூறு மீட்டரில் பத்து சென்டிமீட்டர் மட்டுமே கூடும்.

பச்சை லேசர் ஏன் பேட்டரியை இவ்வளவு தின்கிறது?

படிகம் வைத்த பச்சைப் பேனாவில் பச்சை ஒளி நேரடியாகப் பிறப்பதில்லை. முதலில் 808 நானோமீட்டர் அகச்சிவப்பு டையோடு எரிகிறது. அது நியோடிமியம் கலந்த வனடேட் படிகத்தைத் தூண்டி 1064 நானோமீட்டர் ஒளியைப் பிறப்பிக்கிறது. அதுவும் கண்ணுக்குத் தெரியாதது. பிறகு கே.டி.பி. என்ற இன்னொரு படிகம் அதன் அலைநீளத்தைப் பாதியாக்க, 532 பச்சை கிடைக்கிறது. ஒவ்வொரு படியிலும் இழப்பு.

இப்போது 520 நானோமீட்டரில் நேரடியாகப் பச்சை ஒளி தரும் டையோடுகள் வந்துவிட்டன. படிகம் இல்லை, குளிருக்கு அஞ்சுவதில்லை. ஆனால் அவற்றுக்குத் தேவையான வோல்ட்டேஜ் ஒற்றை லித்தியம் செல் தருவதைவிட அதிகம். வோல்ட்டேஜை உயர்த்தும் சர்க்யூட் கட்டாயம். இன்று புதிதாகச் செய்கிறவர்களுக்கு நான் இதையே சொல்வேன்.

ஜவ்வாது மலைக்கு வானம் பார்க்கப் போனோம். நள்ளிரவில் பச்சை லேசர் மங்கிப்போயிற்று. பேட்டரி புதிது.

அகச்சிவப்பு டையோடின் அலைநீளம் டிகிரிக்கு 0.3 நானோமீட்டர் நகரும். படிகமோ 808ஐ ஒட்டிய குறுகிய பட்டையில்தான் நன்றாக உறிஞ்சும். மாலையில் 30 டிகிரி, நள்ளிரவில் 10 டிகிரி என்றால் 6 நானோமீட்டர் விலகல். டையோடு எரிகிறது, படிகம் வாங்கிக்கொள்ள மறுக்கிறது. சூடு குறைந்ததால் வந்த குறை இது. பேனாவை உள்ளங்கையில் பொத்தி இரண்டு நிமிடம் வைத்திருங்கள், பச்சை திரும்பிவிடும். பனியில் அல்கலைன் செல்லும் சோர்ந்துபோகும் என்பதால் செல்லையும் சட்டைப்பையில் வைத்துக்கொள்வது நல்லது.

மங்கிய பச்சை லேசர் ஆபத்தில்லாததுதானே?

இல்லை. இதை அழுத்தமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. 2010இல் அமெரிக்காவில் நிஸ்ட் என்ற தேசியத் தர நிர்ணய ஆய்வகம் மலிவு விலைப் பச்சை லேசர்களைச் சோதித்தது. 10 மில்லிவாட் என்று எழுதியிருந்த ஒன்றில் பச்சை மங்கலாக இருக்க, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு 20 மில்லிவாட் அளவுக்கு வெளியே வந்துகொண்டிருந்தது. முகப்பில் வைக்க வேண்டிய அகச்சிவப்பு வடிகட்டி அதில் இல்லை. அகச்சிவப்புக்குக் கண் சிமிட்டாது. அது பட்டதே தெரியாது. படிகப் பச்சை லேசர் செய்வதானால் அந்த வடிகட்டிக்குப் பணம் ஒதுக்குங்கள். அதை விட்டுவிட்டால் ஒளி கூடுதலாக வரும் என்று யாராவது சொன்னால், கூடுவது பச்சை அல்ல.

தொடர்ந்து எவ்வளவு நேரம் எரியவிடலாம்?

சிவப்பு, உலோக உடம்பு என்றால் நேரக் கட்டுப்பாடு தேவையில்லை. படிகப் பச்சைக்குக் கணக்குப் போடுங்கள்: 750 மில்லிவாட், 15 கிராம் பித்தளை என்றால் நிமிடத்துக்கு எட்டு டிகிரி. 35 டிகிரியில் தொடங்கினால் இரண்டு நிமிடத்தில் 50ஐத் தாண்டும். அரை நிமிடம் எரியவிட்டு அரை நிமிடம் ஆறவிடுவது நல்ல பழக்கம். உடம்பைக் கையில் பிடிக்கக் கூசுகிறது என்றால் உள்ளே டையோடு அதைவிடச் சூடாக இருக்கிறது என்று பொருள்.

பழைய டிவிடி எழுதும் கருவியிலிருந்து டையோடை எடுத்துச் செய்யலாமா? பெரிய சக்தி வருகிறதாமே?

வருகிறது, அதனால்தான் வேண்டாம் என்கிறேன். அவை நூறு மில்லிவாட்டையும் தாண்டும். சர்வதேச வகைப்பாட்டில் கண்ணுக்குத் தெரியும் லேசர் 1 மில்லிவாட் வரை இரண்டாம் வகுப்பு. கண் சிமிட்டும் கால் விநாடி காப்பாற்றும். 5 வரை 3ஆர். அதற்கு மேல் 500 வரை 3பி. நேரே பட்டால் சிமிட்டுவதற்குள் விழித்திரை வெந்துவிடும். கண்ணாடி, எவர்சில்வர் பாத்திரம், கைக்கடிகாரம் எதில் பட்டுத் திரும்பினாலும் அதே ஆபத்து. உங்கள் கண் மட்டுமென்றால்கூட ஒரு பேச்சு. தம்பியும் தங்கையும் உள்ள வீட்டில் அது மேசைமேல் கிடக்கும். விழித்திரையில் பட்ட வடு ஆறாது. என் மாணவர்களில் யாருக்கும் நான் இதைச் செய்து காட்டியதில்லை, காட்டவும் மாட்டேன்.

5 மில்லிவாட்டை வானத்தில் அடிப்பதில் என்ன தவறு?

நட்சத்திரம் காட்ட அடிக்கலாம், விமானம் எதுவும் இல்லாத வானத்தில். விமான ஓட்டியின் முன்கண்ணாடியில் பட்ட ஒளி சிதறி அறையையே நிரப்பிவிடும். தரையிறங்கும் நேரத்தில் சில விநாடி கண் கூசினால் போதும். 2025 மே மாதம் துபாயிலிருந்து சென்னைக்கு வந்த விமானம் தரையிறங்கும் வேளையில் பரங்கிமலைப் பக்கமிருந்து லேசர் பாய்ச்சப்பட்டது செய்தியானது. விமானத்தின் மீது அடிப்பது தண்டனைக்குரிய குற்றம். விமானப் பாதைக்கு அருகே குடியிருப்பவர்கள் மாடியில் லேசரை எடுக்கவே வேண்டாம்.

அழுத்தினால் எரியும் பொத்தானா, போட்டு வைக்கும் சுவிட்சா?

பொத்தான். விரல் எடுத்தவுடன் அணையும்; பேட்டரியும் சூடும் ஒருசேரக் கட்டுக்குள் இருக்கும். குழாயின் மேற்பரப்பிலிருந்து ஒரு மில்லிமீட்டர் உள்ளே பதித்து வையுங்கள். என்னுடைய ஒன்றில் வெளியே துருத்திக்கொண்டிருந்த பொத்தான் பைக்குள் புத்தகத்தில் அழுந்தி, திருச்சியிலிருந்து மதுரை வரை பஸ்ஸில் எரிந்துகொண்டே வந்தது. எடுத்துப் பார்த்தபோது பேட்டரி காலி; பித்தளை உடம்பு என்பதால் டையோடு பிழைத்தது.